திருச்சபையின் கல்லூரி யாருக்குச் சொந்தம்?

தருமபுரி நகரை ஒட்டிய சோகத்தூரில் 2007-ஆம் ஆண்டு டான் போஸ்கோ கல்லூரி தொடங்கப்பட்டது. நடத்துபவர்கள் சலேசிய சபைத் துறவியர். பட்டம் தருவது சேலம் பெரியார் பல்கலைக்கழகம். சென்னை லயோலாவைப் போல, திருச்சி தூய வளனாரைப் போல மாநிலம் முழுக்கத் தெரிந்த பெயர் இல்லை. சுற்றுவட்டாரப் பிள்ளைகள் பஸ் ஏறி வந்து படித்துவிட்டுப் போகிற சிறிய கலை அறிவியல் கல்லூரிகளில் ஒன்று. இப்படிப்பட்ட கல்லூரியின் வரலாற்றை எழுதப் புகுந்தால் கட்டடங்களையும் பாடப்பிரிவுகளையும் ஆண்டுவாரியாக அடுக்குவதுதான் வழக்கம். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முந்திய ஒரு கேள்வி. தருமபுரி மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில்தான் இருக்கிறார்கள். நிலப் பத்திரமும் நிர்வாகமும் திருச்சபையிடம் இருக்க, வகுப்பறை பெஞ்சில் உட்காருகிற பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் வேறு சமயத்து வீடுகளிலிருந்துதான் வந்தாக வேண்டும். அப்படியானால் எந்த அர்த்தத்தில் அது திருச்சபையின் கல்லூரி? சட்டம் இதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடும். ஆனால் சொத்துரிமை ஒருபுறம் இருக்க, ஒரு மத நிறுவனம் தனக்கென்று நம்பிக்கை ஒன்று இருப்பதாகச் சொல்லிக்கொள்கிறது. அந்த நம்பிக்கைக்குள் நின்று இக்கேள்விக்குப் பதில் தேட வேண்டியிருக்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்வி கொடுத்ததற்குப் பதிலாக எதையும் எதிர்பார்க்கும் உரிமையைத் திருச்சபை கைவிட வேண்டும். வரிசையில் கடைசியாக நிற்பவரைத் தேடிச் சேர்க்கும் பொறுப்பை மட்டும் கைவிடக் கூடாது. இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் ஒரு கல்லூரி உண்மையிலேயே அதன் கல்லூரியாகிறது.

இந்த வட்டாரத்தில் கிறிஸ்தவத்தின் வரவு புதியதில்லை. இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நோபிலி 1623-இல் சேந்தமங்கலம், சேலம் வரை வந்துபோனார். அதே நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஸ்ரீரங்கப்பட்டணத்தை மையமாகக் கொண்டு வளர்ந்த இயேசு சபையின் மைசூர் மிஷன், பிற்பாடு பாராமகால் என்று அழைக்கப்பட்ட இந்தப் பகுதியையும் தொட்டது. கோவிலூர், கடகத்தூர் போன்ற ஊர்களில் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள் வாழ்கிறார்கள். 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. 1930-இல் சேலம் மறைமாவட்டம் அமைந்தது. 1997 ஜனவரியில் அதிலிருந்து தருமபுரி மறைமாவட்டம் பிரிந்தபோது அதன் முதல் ஆயராக வந்த ஜோசப் அந்தோணி இருதயராஜும் ஒரு சலேசியர்தான். இவ்வளவு நீண்ட தொடர்பு இருந்தும் திருச்சபையின் பெயர்பெற்ற கல்லூரிகள் எங்கே எழுந்தன என்று பாருங்கள். 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கித் திருச்சிக்கு இடம் மாறிய தூய வளனார், 1923-இல் பாளையங்கோட்டை தூய சவேரியார், 1925-இல் சென்னை லயோலா. படிக்கத் தெரிந்த குடும்பங்கள் ஏற்கெனவே நிறைந்திருந்த ஊர்களில்தான் அவை எழுந்தன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காடு. தருமபுரியில் அது 68.5 விழுக்காடு, மாநிலத்திலேயே கடைசி இடம். பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் பத்தில் ஆறு பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரிந்திருந்தது. கடைசியாகக் கல்லூரி வந்தடைந்த இடங்களில் ஒன்று, அது முதலில் தேவைப்பட்ட இடம். இந்தக் காலதாமதத்தைத் திருச்சபையின் மனச்சாட்சி எளிதில் கடந்துவிடக் கூடாது என்பது என் கருத்து.

திருச்சபை நடத்தும் கல்லூரி எதற்காக என்ற விவாதம் தமிழ் மண்ணில் நடந்து இருநூறு ஆண்டுகள் ஆகப்போகின்றன. அதன் கூர்மையான வடிவம் யாழ்ப்பாணத்தில் கிடைக்கிறது. அமெரிக்க மிஷனரிகள் 1823-இல் வட்டுக்கோட்டையில் ஒரு செமினரியைத் தொடங்கினார்கள். டேனியல் பூர் அதன் முதல் தலைவர். கணிதம், வானியல், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழும் சிரத்தையாகக் கற்பிக்கப்பட்டது. அன்றைய தெற்காசியாவில் உயர்கல்வி என்று சொல்லத்தக்க சில இடங்களில் அதுவும் ஒன்று. முப்பது ஆண்டுகள் கழித்து, மிஷனின் பாஸ்டன் தலைமையகத்திலிருந்து ரூஃபஸ் ஆண்டர்சன் நேரில் வந்து கணக்குப் பார்த்தார். மாணவர்கள் ஆங்கிலம் படித்து அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்கள், கிராமங்களில் நற்செய்தி அறிவிக்கப் போகிறவர்கள் குறைவு என்பது அவர் கண்ட முடிவு. மிஷன் பணத்தை இதற்குச் செலவிடுவது முறையாகாது என்றார். 1855-இல் செமினரி மூடப்பட்டது. ஆண்டர்சனைக் குறுகிய மனத்தவர் என்று தள்ளிவிட நான் தயாராக இல்லை. அவர் கேட்ட கேள்வி நேர்மையானது. தேவாலயத்தில் ஏழைகள் போட்ட காணிக்கைக் காசை ஓர் உத்தியோகத் தொழிற்சாலைக்கு ஏன் கொடுக்க வேண்டும்? யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர்கள் அந்த முடிவை ஏற்கவில்லை. அவர்களுடைய முயற்சியில் 1872-இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. ஆனால் அவர்களும் ஆண்டர்சனின் கேள்விக்குச் சித்தாந்த ரீதியாகப் பதில் சொன்னார்கள் என்று சொல்ல முடியாது. கல்லூரி வேண்டும் என்றார்கள், அவ்வளவுதான்.

பதிலைச் சொன்னது செமினரியில் படித்த ஒருவருடைய வாழ்க்கை. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை வட்டுக்கோட்டையில் படித்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரும், அவரும் கரோல் விசுவநாதபிள்ளையும், அந்தச் செமினரியிலிருந்து வந்தவர்களே. கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்த தாமோதரம்பிள்ளை பிற்காலத்தில் சைவத்துக்குத் திரும்பினார். ஆண்டர்சனின் பேரேட்டில் இது நட்டக் கணக்கு. ஆனால் அதே மனிதர்தான் வீரசோழியத்தை 1881-இல் அச்சேற்றினார். 1887-இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். செல்லரித்த ஏடுகளைத் தேடித் தேடித் தொல்காப்பிய உரைகளை உலகத்துக்குக் கொடுத்தார். ஏடுகளை ஒப்பிட்டு, பாடபேதம் குறித்து, காரணம் காட்டிப் பதிப்பிக்கும் ஒழுங்குக்கு அவருடைய படிப்பும் அடித்தளம் இட்டது என்று கொள்வதில் தவறில்லை. மிஷன் விதைத்தது ஒன்று, விளைந்தது வேறொன்று. இதைத் தோல்வி என்று சொல்ல வேண்டுமானால், கல்வியின் பலன் அதைக் கொடுத்தவருக்கே வந்துசேர வேண்டும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும். அப்படி ஒப்புக்கொள்ள கிறிஸ்தவ நம்பிக்கையிலேயே இடம் இல்லை என்று நினைக்கிறேன். மழை நல்லவர் மேலும் தீயவர் மேலும் பெய்கிறது என்று போதித்தவரின் பெயரில் நடக்கும் கல்லூரி, தன் மழை யார் வயலில் விழுந்தது என்று கணக்கு வைத்துக்கொண்டிருக்க முடியாது.

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் இந்த நிலைப்பாட்டைத் துணிந்து எடுத்தவர் வில்லியம் மில்லர். 1862-இல் சென்னைக்கு வந்து 1907 வரை அந்தக் கல்லூரியோடு வாழ்ந்தவர். மதம் மாறியவர்களின் எண்ணிக்கையைக் கொண்டு கல்லூரியை அளக்கக் கூடாது, அதன் வேலை ஒரு சமூகத்தின் சிந்தனைக்குள் மெல்லப் பரவுவது என்று அவர் வாதிட்டார். சக மிஷனரிகள் பலரே அவரைக் கடுமையாக எதிர்த்தார்கள். மில்லரின் வாதத்திலும் எனக்கு ஒரு குறை படுகிறது. அவர் எண்ணிக்கையைக் கைவிட்டார், எதிர்பார்ப்பைக் கைவிடவில்லை. இன்றில்லாவிட்டாலும் ஒருநாள் இந்தச் சமூகம் கிறிஸ்துவை நோக்கி வரும், அதற்கான ஆயத்தம்தான் இந்தக் கல்வி என்ற நினைப்பு அவரிடம் இருந்தது. அவர் ஓய்வு பெற்ற மறு ஆண்டு, அதே கல்லூரி மாணவர் ஒருவர் வேதாந்தத்துக்கு அறநெறி கிடையாது என்ற மிஷனரி விமர்சனத்தை மறுத்து எம்.ஏ. ஆய்வேடு எழுதினார். அவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். அந்த ஆய்வேட்டைப் பாராட்டியவர் அவருடைய கிறிஸ்தவப் பேராசிரியர் ஆல்ஃபிரட் ஹாக். மாணவனின் முடிவை ஏற்காத ஆசிரியர், அந்த முடிவுக்கு வந்த வழியின் நேர்மையை மெச்சினார். திருச்சபைக் கல்லூரிகளின் நெடிய வரலாற்றில் மிகவும் கிறிஸ்தவத்தனமான செயல் எது என்று கேட்டால், ஹாக் எழுதிக்கொடுத்த அந்தப் பாராட்டைத்தான் நான் காட்டுவேன்.

கொடுப்பவர் எதிர்பார்ப்பைக் கைவிடுவது என்ற இந்த எண்ணம் தருமபுரிக்கு வெளியிலிருந்து வந்ததில்லை. பழைய தகடூர்தான் இன்றைய தருமபுரி. அதியமான் நெடுமான் அஞ்சி, கிடைத்தற்கரிய நெல்லிக்கனியை அதன் பயன் இன்னதென்று சொல்லாமலே ஔவைக்குக் கொடுத்த செய்தியைப் புறநானூறு பாடுகிறது. பயனைச் சொல்லியிருந்தால் அவள் வாங்கியிருக்க மாட்டாள், அல்லது அவனுக்குக் கடன்பட்டவளாக உண்டிருப்பாள். சொல்லாமல் கொடுத்ததால் அது கொடையாகவே நின்றது. இந்த அறம் கத்தோலிக்கத் திருச்சபையின் பேச்சில் முறையாக ஏற்கப்பட்ட காலம் தற்செயலாக இந்த மாவட்டத்தின் பிறந்தநாளோடு ஒட்டி வருகிறது. சேலத்திலிருந்து தருமபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2. அதே மாதம் 28-ஆம் தேதி இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிற சமயங்களைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டு, அவற்றில் உண்மையும் புனிதமும் ஆனவை எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று அறிவித்தது. டிசம்பரில் வந்த இன்னொரு சாசனம் சமய விஷயத்தில் எவரையும் வற்புறுத்துவது மனித மாண்புக்கே விரோதம் என்றது. நம்பிக்கை என்பது சுதந்திரமான மனம் தானாகத் தரும் சம்மதம். பீஸ் சலுகைக்கும் ஹாஸ்டல் இடத்துக்கும் கைம்மாறாக வருகிற சம்மதம், சம்மதமே ஆகாது. எனவே எதிர்பார்ப்பைக் கைவிடுவது திருச்சபை தன் நம்பிக்கையைத் தளர்த்திக்கொள்வதாக ஆகாது. அந்த நம்பிக்கையின் இயல்பே அதைக் கோருகிறது.

இங்கே திருச்சபைக்குள்ளிருந்தே ஓர் ஆட்சேபம் எழும். எதிர்பார்ப்பே இல்லையென்றால், ஓர் அரசுக் கல்லூரி செய்வதைத்தானே இதுவும் செய்கிறது? துறவறம் பூண்டவர்கள் ஏன் பி.காம். கணக்குப் பாடத்துக்கும் பல்கலைக்கழக இன்ஸ்பெக்ஷனுக்கும் தங்கள் வாழ்நாளைக் கொடுக்க வேண்டும்? 1930-31-இல் இந்தியாவின் புராட்டஸ்டண்ட் கல்லூரிகளை ஆராய்ந்த லிண்ட்சே குழுவும் இந்தக் கவலையைத்தான் பேசியது. தேர்வுக்குத் தயார் செய்யும் வேலை கல்லூரிகளை விழுங்கிவிட்டது, தனித்தன்மை கரைந்துவிட்டது என்பது அதன் சாரம். இதற்கு நல்ல பதிலைத் தருமபுரிக் கல்லூரி எந்தப் புனிதரின் பெயரைத் தாங்கியிருக்கிறதோ அவருடைய ஒரு சிறு செயலில் பார்க்கலாம். ஜான் போஸ்கோ 1840-களில் இத்தாலியின் டுரின் நகரத்தில், கிராமங்களிலிருந்து கூலி வேலைக்கு வந்து சேர்ந்த சிறுவர்களோடு பழகத் தொடங்கினார். கொத்தனார்களிடமும் தச்சர்களிடமும் எடுபிடிகளாக இருந்த அந்தப் பையன்களுக்கு அடிதான் கூலியாகக் கிடைத்தது. அவர் முன்னின்று எழுதிய தொழில் பழகுநர் ஒப்பந்தங்கள் சில இன்றும் இருக்கின்றன. 1852 பிப்ரவரியில் ஒரு தச்சு முதலாளிக்கும் ஒரு பையனுக்கும் இடையே முத்திரைத் தாளில் எழுதப்பட்ட ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாளி பையனுக்குத் தொழிலை முறையாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். தொழிலுக்குச் சம்பந்தமில்லாத வேலை வாங்கக் கூடாது. தவறு செய்தால் வாயால் திருத்த வேண்டும், கை ஓங்கக் கூடாது. ஓய்வுநாளில் வேலைக்குக் கூப்பிடக் கூடாது. ஆண்டுக்கு ஆண்டு கூலி உயர வேண்டும். கடைசியில் பையனின் சார்பில் போஸ்கோவின் கையெழுத்து. அவர் பூசையும் வைத்தார், பாவசங்கீர்த்தனமும் கேட்டார், கதைகளும் சொன்னார். ஆனால் அந்தப் பையனின் வாழ்க்கையில் கடவுள் அன்பாயிருக்கிறார் என்ற செய்தி, கை ஓங்கக் கூடாது என்ற அந்த ஒரு ஷரத்தின் வழியாகவே முதலில் நுழைந்திருக்கும். அரசு செய்யாமல் விட்ட இடத்தில், பேரம் பேசத் தெரியாத ஒருவனுக்காகப் பக்கத்தில் நின்று கையெழுத்துப் போடுவது துறவியின் வேலைதான். பி.காம். பாடம் அந்த வேலையின் இன்றைய வடிவம். அது யாருக்காக நடத்தப்படுகிறது என்பதைப் பொறுத்து அது துறவறமாகவும் இருக்கலாம், வெறும் உத்தியோகமாகவும் இருக்கலாம்.

வெளியிலிருந்து வரும் ஆட்சேபம் எல்லாருக்கும் தெரிந்தது: இந்தக் கல்லூரிகள் மதமாற்றத்தின் பின்வாசல். இதைக் கோபத்தோடு மறுப்பதைவிடச் சான்றுகளோடு பார்ப்பது நல்லது. 2001-இல் தமிழ்நாட்டு மக்கள்தொகையில் கிறிஸ்தவர்களின் பங்கு 6.07 விழுக்காடு, 2011-இல் 6.12. சுயநிதிக் கல்லூரிகள் மாநிலமெங்கும் பெருகிய பத்தாண்டு அது. பின்வாசல் ஒன்று இருந்திருந்தால் அதன் வழியே யாரும் குறிப்பிடும்படி நுழையவில்லை என்றுதான் அர்த்தம். அரசியல் சாசனத்தின் 28-ஆம் பிரிவின்படி, அரசு அங்கீகாரம் பெற்ற எந்தக் கல்வி நிறுவனமும் மாணவரை அவருடைய சம்மதம் இல்லாமல், அவர் மைனராக இருந்தால் பெற்றவரின் சம்மதம் இல்லாமல், சமய போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் சொல்ல முடியாது. கடவுள் மறுப்பாளரான பெரியாரின் பெயரைத் தாங்கிய பல்கலைக்கழகம், ஒரு புனிதரின் பெயரைத் தாங்கிய கல்லூரியின் மாணவருக்குப் பட்டம் தருகிறது. இந்த ஏற்பாட்டை நான் மதிக்கிறேன். இரண்டு பக்கத்தாரும் தங்கள் கொள்கையை விட்டுக்கொடுக்காமல், ஒரு மாணவியின் படிப்புக்காகச் சேர்ந்து வேலை செய்ய முடியும் என்பதற்கு இது அத்தாட்சி. இருந்தாலும் அந்தச் சந்தேகத்தில் ஒரு நியாயம் இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். உணவும் படிப்பும் கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே சமநிலை கிடையாது. கொடுப்பவர் வாயைத் திறந்து எதுவும் கேட்காவிட்டாலும் வாங்குபவர் தலையில் ஒரு கடன் ஏறுகிறது. ஆகவே திருச்சபைக் கல்லூரி சட்டம் சொல்வதோடு நின்றுவிடாமல், ஜெபத்துக்கு வராத பிள்ளைக்கும் வருகிற பிள்ளைக்கும் இடையே பார்வையில்கூட வித்தியாசம் காட்டாத கட்டுப்பாட்டைத் தனக்குத் தானே விதித்துக்கொள்ள வேண்டும்.

உண்மையில் இந்தக் கல்லூரிகளின் ஆன்மாவுக்கு ஆபத்து மதமாற்றம் என்ற பக்கத்திலிருந்து வரவில்லை. பீஸ் கவுண்டர் பக்கத்திலிருந்து வருகிறது. சலேசியர்கள் 1906-இல் தஞ்சாவூரில் கால் வைத்தவர்கள். பாராமகாலின் இன்னொரு ஊரான திருப்பத்தூரில் 1951-இல் தூய நெஞ்சக் கல்லூரியைத் தொடங்கினார்கள். அது அரசு உதவி பெறும் கல்லூரி. உதவி பெறும் கல்லூரியில் ஆசிரியர் சம்பளத்தை அரசு ஏற்கிறது, அதனால் அந்தப் பாடப்பிரிவுகளில் ஏழைப் பிள்ளை மிகக் குறைந்த கட்டணத்தில் படித்துவிட முடியும். 2007 வேறொரு காலம். 1980-களிலிருந்து தமிழ்நாட்டில் பெருகியவை சுயநிதிக் கல்லூரிகள். ஆசிரியர் சம்பளம், ஆய்வகம், மின்கட்டணம், பஸ் டீசல் அத்தனையும் மாணவர் கட்டும் பணத்திலிருந்து வந்தாக வேண்டும். இரண்டு கல்லூரிகளின் உரிமையாளர் ஒருவரே. ஆனால் சுமையைத் தூக்குபவர் மாறிவிட்டார். முன்பு அரசு தூக்கியதை இப்போது பெற்றோர் தூக்குகிறார்கள். பெங்களூருவில் கட்டட வேலைக்கும் திருப்பூரில் பனியன் கம்பெனிக்கும் போய்ப் பிழைக்கிற குடும்பங்கள் நிறைந்த மாவட்டம் இது. அங்கே இந்தச் சுமை யாரைக் கழித்துக்கட்டும் என்பது சொல்லாமலே விளங்கும். சேர்க்கை நடக்கும் ஜூன் மாதத்தில் ஒரு விண்ணப்பத்தோடு சேர்ந்து வருகிற தாள்களைப் பாருங்கள். மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், சில நேரம் முதல் பட்டதாரிச் சான்றிதழ். குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெற்றதில்லை என்று வருவாய்த் துறை அத்தாட்சி தருகிறது. ஒரு துறவற சபைக்கு இதைவிடத் தெளிவான அழைப்பு வேறென்ன வேண்டும்? அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளைகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கு மெட்ரிக்குக்குப் பிந்தைய உதவித்தொகை இருக்கிறது. இவை உதவுகின்றன. ஆனால் உதவித்தொகை கைக்கு வரும் தேதியும் செமஸ்டர் பீஸ் கட்ட வேண்டிய தேதியும் ஒன்றாக இருப்பதில்லை. அந்த இடைவெளியில்தான் பிள்ளைகள் படிப்பை விட்டு நிற்கிறார்கள். கட்டணம் இல்லாமல் கல்லூரி நடத்த முடியாது என்ற நிர்வாகத்தின் வாதம் சரியானதே. திருச்சபையிடம் எல்லையில்லாப் பணம் இருப்பதாக நினைப்பது தவறு. ஆனால் அந்த இடைவெளியைத் தாங்கிக்கொள்ளும் அளவுக்காவது ஒரு நிதி இல்லாமல் போனால், திருச்சபைக் கல்லூரிக்கும் வியாபாரக் கல்லூரிக்கும் வாசலில் நிற்கிற சுரூபம் ஒன்றே வித்தியாசமாக மிஞ்சும்.

இதோடு சேர்ந்ததுதான் சிறுபான்மை உரிமை பற்றிய ஆட்சேபமும். அரசியல் சாசனத்தின் 30-ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குத் தங்கள் விருப்பப்படி கல்வி நிறுவனங்கள் அமைத்து நடத்தும் உரிமையைத் தருகிறது. 2005-ஆம் ஆண்டின் 93-ஆவது திருத்தம் தனியார் கல்லூரிகளிலும் இட ஒதுக்கீடு கொண்டுவர வழிசெய்தது, சிறுபான்மை நிறுவனங்களுக்கு மட்டும் விலக்கு அளித்தது. அதாவது மற்றத் தனியார் கல்லூரிகளிடம் அரசு சட்டம் போட்டுக் கேட்கக்கூடியதைத் திருச்சபைக் கல்லூரியிடம் கேட்க முடியாது. இந்த விலக்கு அநியாயம் என்று சிலர் சொல்கிறார்கள். பெரும்பான்மையின் ஆட்சி எந்த நாளும் சிறுபான்மையின் நிர்வாகத்தில் கைவைக்க முடியும் என்ற நிலை வந்தால் அந்த உரிமைக்குப் பொருளே இருக்காது என்பதால், விலக்கை நான் ஆதரிக்கிறேன். ஆனால் அது எதற்கான விலக்கு என்பதில் தெளிவு வேண்டும். சட்டம் கேட்காததால் குறைவாகச் செய்யலாம் என்பதற்கு அது அனுமதிச் சீட்டு ஆகிவிடக் கூடாது. திருச்சபையின் சொந்தக் கையே இந்த விஷயத்தில் சுத்தமில்லை. வடக்கன்குளம் கோயிலில் சாதிக்காரர்களைப் பிரித்து நின்ற சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. தலித் கிறிஸ்தவர்கள் மீதான பாகுபாடு திருச்சபைக்குள் இன்றும் இருக்கிறது என்று இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016 டிசம்பரில் வெளியிட்ட கொள்கை ஆவணத்தில் ஒப்புக்கொண்டது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை காரணமாகத் தலித் கிறிஸ்தவர்கள் இன்றளவும் பட்டியல் சாதியில் சேர்க்கப்படவில்லை. அந்த அநீதிக்கு எதிராகத் திருச்சபை நியாயமாகவே போராடுகிறது. அரசிடம் அவர்களுக்காக இடம் கேட்கிற திருச்சபை, தன் கையிலிருக்கிற இடங்களை முதலில் யாருக்குக் கொடுக்கிறது என்று காட்ட வேண்டாமா?

தருமபுரியில் இந்தக் கேள்விக்கு இன்னொரு கனமும் உண்டு. 2012 நவம்பர் 7-ஆம் தேதி, ஒரு சாதிமறுப்புத் திருமணத்தைக் காரணம் காட்டி நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டுத் தீ வைக்கப்பட்டன. கொளுத்தப்பட்ட வீடுகளின் பிள்ளைகளும், பக்கத்து ஊர்களின் மற்றச் சாதிப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் மூன்று ஆண்டுகள் உட்காரக்கூடிய இடம் இந்த மாவட்டத்தில் எது? ஊர் தனி, சேரி தனி. கோயில் தனி, சுடுகாடு தனி. கல்லூரி ஒன்றுதான் அந்த இடம். அரசுக் கல்லூரியும் அந்த வேலையைச் செய்கிறது, நன்றாகவே செய்கிறது. ஆனால் எந்த உள்ளூர்ச் சாதிக்கும் சொந்தமில்லாத, நாளை தேர்தலில் நிற்கப் போகாத, சொத்துச் சேர்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டியிராத ஒரு துறவறச் சமூகத்துக்கு இதில் தனியான ஒரு சுதந்திரம் இருக்கிறது. அந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்துகிற கல்லூரியில், கிறிஸ்தவ மாணவர் ஒரே ஒருவர் படித்தாலும் அது கிறிஸ்தவக் கல்லூரிதான். பயன்படுத்தாத கல்லூரியில் வகுப்புக்கு வகுப்பு சிலுவை மாட்டியிருந்தாலும் அது சொத்துப் பதிவேட்டில் மட்டுமே திருச்சபையுடையது.

ஆகவே தருமபுரியில் மட்டுமின்றித் தமிழ்நாட்டில் கல்லூரி நடத்துகிற எல்லா மறைமாவட்டங்களையும், துறவற சபைகளையும், தென்னிந்தியத் திருச்சபையின் பேராயங்களையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் சேர்க்கை முடிந்ததும் ஒரு பக்கக் கணக்கை வெளியிடுங்கள். சேர்ந்தவர்களில் முதல் பட்டதாரிகள் எத்தனை பேர், ஆதிதிராவிடர் எத்தனை பேர், பழங்குடியினர் எத்தனை பேர், தலித் கிறிஸ்தவர்கள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர், பணம் இல்லாததால் பாதியில் நின்றவர்கள் எத்தனை பேர் என்று அதில் இருக்கட்டும். சட்டம் இதை உங்களிடம் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியிலும் ஆராதனையிலும் காணிக்கை போடுகிற மக்களுக்கு இதைக் கேட்கும் உரிமை இருக்கிறது. அந்தப் பக்கத்தைக் கோயில் அறிவிப்புப் பலகையிலும் கல்லூரி வாசலிலும் ஒட்டுங்கள்.